ஓநாயும் ஓ, நாயும்

என் அத்தான் பொய் சொல்ல மாட்டார். இதைக் கேட்டதும் தங்கமான மனிதர் என்று நினைப்பீர்கள். யுத்த காலத்துத் திருகோணமலையில் அவரோடு வான் வண்டியில் ஏறி, துறைமுகப் பக்கத்திலிருந்து அன்புவழிபுரம் வரைக்கும் ஒரு முறை போய் வந்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டீர்கள். சென்றிக்குச் சென்றி, அதாவது சோதனைச் சாவடிக்குச் சாவடி நிறுத்தி, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், உள்ளே என்ன என்று கேட்கிற காலம் அது. மற்றவர்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் சொல்லித் தப்பி வருவார்கள். அத்தான் முழுப் பதிலையும் சொல்வார், அதற்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்வார்.

அத்தான் என்றது என் அக்காவின் கணவரை. அரசாங்க மிருக வைத்தியர். மாட்டைக் கொண்டு வந்தவன் "ஐயா, தப்புமோ?" என்று கேட்டால், தப்பாதென்றால் தப்பாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா மரியாதைக்கு, "வடை எப்பிடி, தம்பி?" என்று கேட்டிருக்கிறார். "உப்புக் கூடிப் போச்சு" என்றாராம் மாப்பிள்ளை. வடை சுட்டது அக்கா. அதற்குப் பிறகும் கல்யாணம் நடந்தது என்றால் அக்காவின் பொறுமையை யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் அந்த ஓநாய் வந்து சேர்ந்தது.

எங்கள் நாட்டில் ஓநாய் கிடையாது. நரி இருக்கிறது. ஓநாய் பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்தது, அதுவும் மை பரவி, காது முளைத்த கரிச்சட்டியாக. இந்த ஓநாய் இந்தியாவிலிருந்து வந்த படையோடு வந்தது. அந்தப் படையில் ஒரு மேஜர், தன் ஊர்ப்பக்கத்து வறண்ட காட்டில் குட்டியாக எடுத்து வளர்த்தாராம். வயிற்றுக் கோளாறு என்று அடிக்கடி அத்தானிடம் கூட்டி வருவார். படை திரும்பிப் போகிறபோது கப்பலில் அதை ஏற்ற விடவில்லை. துறைமுகத்து வாசலில் வைத்துச் சங்கிலியை அத்தானின் கையில் கொடுத்தார். "ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆள் அனுப்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கப்பலேறினார். அந்தக் கிழமை இன்னும் முடியவில்லை.

அத்தான் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது நான் அக்காவோடு குசினியில் நின்றேன். நான் அப்போது விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர், அக்கா வீட்டில்தான் இருந்தேன்.

"இஞ்சேருங்கோ, இனி ஒரு நாயும் வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்" என்றாள் அக்கா.

"இது நாயில்லை."

"அப்ப என்ன, மாடோ?"

"ஓநாய்" என்றார் அத்தான். அக்கா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, குசினிக் கதவைச் சாத்தினாள். கதவுக்கு உள்ளே நானும் அவளும், வெளியே அவரும் ஓநாயும்.

அடிக்கடி வந்தும் மேஜர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அத்தான் கேட்டதில்லை. ஆகவே நாங்கள் அதையே மேஜர் என்று கூப்பிட்டோம். கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் தூக்கும். சாப்பாட்டில்தான் பிரச்சினை. அக்கா வீட்டு வளவுக்குள் மாட்டிறைச்சி வரக்கூடாது. மீன் வரலாம், வெள்ளிக்கிழமை அதுவும் வரக்கூடாது. "ஓநாய்க்கு ஆர் வெள்ளிக்கிழமை விரதம் வைச்சது?" என்று அத்தான் கத்திப் பார்த்தார். நடக்கவில்லை. மற்ற நாட்களில் சூரை மீன் தலையும், வெள்ளிக்கிழமைகளில் சோறும் பருப்புமாக அந்த ஓநாய் வளர்ந்தது. பருப்பை அது விருப்பத்தோடுதான் தின்றது, அத்தானுக்குத்தான் அவமானமாக இருந்தது.

துறைமுகத்தில் கப்பல் ஊதினால் முகத்தைத் தூக்கி ஒரு நீள ஊளை விடும். "பாவம், தன்ர ஆளைத் தேடுது" என்பாள் அக்கா. "அப்பிடி ஒண்டுமில்லை. சத்தத்துக்குச் சத்தம் குடுக்குது, அவ்வளவுதான்" என்பார் அத்தான். சொல்லிவிட்டு, ஊளை முடியும் வரைக்கும் அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பார்.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. சந்திக்குச் சந்தி சென்றி முளைத்தது. அந்த நாட்களில் ஒரு உத்தரவு வந்தது: வீடுகளில் காட்டு மிருகம் ஒன்றும் வைத்திருக்கக் கூடாது, ஒப்படைக்க வேண்டும். கொழும்பில் மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது, ஆனால் அங்கே கொண்டு போகப் பாதை இல்லை. ஆகவே ஒப்படைப்பது என்றால் ஒரு வெடி, சுட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். குரங்கு வைத்திருந்தவர்கள் இரவோடிரவாக அவிழ்த்து விட்டார்கள். மயில் வைத்திருந்த ஒருவர் அது ஒரு வகைக் கோழி என்று சாதித்தார். நாய்க்கு மட்டும் தடையில்லை. விசர்நாய் ஊசி போட்டுக் கழுத்தில் தகடு தொங்கினால் போதும்.

"நாயெண்டு சொல்லுங்கோவன்" என்றாள் அக்கா. "ஆர் வந்து வாலை அளக்கப் போகினம்?"

"நாயில்லாததை நாயெண்டு நான் என்னண்டு சொல்லுறது? நான் மிருக வைத்தியன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் காலையில் தானாகவே கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்குப் போய், என் வீட்டில் ஒரு ஓநாய் இருக்கிறது என்று அறிவித்துவிட்டு வந்தார். எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஊரே ஒளித்து வைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருவரும் கேளாமல், சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

நல்ல காலம், கச்சேரியில் இருந்த பெரியவர் இளகிய மனதுக்காரர். அவர் சொன்னதை அத்தான் ஒரு எழுத்து விடாமல் எங்களுக்கு ஒப்புவித்தார். "வீட்டில வளக்கிறதெண்டா ஏலாது, டொக்டர். படிப்புக்கெண்டா நான் கண்ணை மூடிக்கொள்ளலாம். பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போய்ப் பிள்ளையளுக்குக் காட்டுங்கோ. ஆனா ஒரு கீறல், ஒரு முறைப்பாடு வந்துதெண்டா நான் இடையில வர மாட்டன். ஆமிக் காம்பிலயிருந்து வந்து சுட்டுப்போட்டுப் போவினம்."

இதைச் சொல்லிவிட்டு அத்தான் மேஜருக்குப் பக்கத்தில் போய் வெறுந்தரையில் இருந்தார். அவர் ஒருவரிடமும் ஒரு உதவியும் கேட்டு நான் கண்டதில்லை. அன்று என் முகத்தைப் பாராமல், "பிள்ளை, உம்மட பள்ளிக்கூடத்தில ஒருக்காக் கேட்டுப் பாரும்" என்றார். கேட்டுவிட்டு, மேஜரின் கழுத்துச் சங்கிலியைத் தேவையில்லாமல் ஒரு தரம் சரி செய்தார். எனக்கு அந்த மிருகத்தின் மேல் அதுவரைக்கும் பெரிய பாசம் இல்லை. அவர் அப்படிக் கேட்ட பிறகு, இதைச் சாக விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

என் பள்ளிக்கூடம் அன்புவழிபுரத்தில் இருந்தது. கூரையில் பாதி தகரம், பாதி தென்னோலைக் கிடுகு. வகுப்பில் பாதிப் பேர் ஊர்ப் பிள்ளைகள், பாதிப் பேர் சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து பாயில் இருந்து படித்தவர்கள். எங்கள் அதிபர் பயந்த மனிதர். பள்ளிக்கூட மணியையே மெல்ல அடிக்கச் சொல்கிறவர். அத்தானையும் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் விசயத்தைச் சொன்னேன்.

"கடிச்சா ஆர் பொறுப்பு?" என்று கேட்டார்.

கடிக்கவே கடிக்காது, ஐயா, பூனைக்குட்டி மாதிரி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தான் முந்திக்கொண்டார். "கடிக்கக் கூடும்."

மேசைக்குக் கீழே அவருடைய காலை உதைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன, பிள்ளை?" என்று கேட்டார்.

"பல்லிருக்கிறதெல்லாம் கடிக்கக் கூடும், அதிபர்" என்று விளக்கினார். "உங்களுக்கும் பல்லிருக்கு. பயந்தாக் கடிக்கும், பயப்படாட்டிக் கடிக்காது. அதைப் பயப்படாம வைச்சிருக்கிறது என்ர வேலை."

அதிபர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு யோசித்தார். கடைசியில், முதலில் ஒரு ஒத்திகை வையுங்கோ, ஓநாய் இல்லாமல் என்றார்.

ஓநாய் இல்லாமல் ஓநாய் ஒத்திகை. அத்தானுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. மரநிழலில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் ஒன்று போட்டார். பிள்ளைகளை வட்டத்துக்கு வெளியே இருத்தினார். பிறகு சங்கிலியைத் தன் இடுப்பில் கட்டி, மறு நுனியை என் கையில் தந்துவிட்டு, தானே ஓநாயாகி உள்ளே குனிந்து குனிந்து நடந்தார். மத்திய வயது, வெள்ளைச் சட்டை, பையில் பேனை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு என் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சேர், ஒருக்காக் குரையுங்கோ!" என்று ஒரு குரல் வந்தது.

அத்தான் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "நான் குரைக்க மாட்டன். நான் இப்ப ஓநாய். ஓநாய் நாய் மாதிரிக் குரைக்கிறேல்லை. ஊளையிடும், உறுமும். விஞ்ஞானத்தைப் பகிடியாக்கக் கூடாது."

பிறகு அவர் பாதுகாப்புச் சட்டங்களைச் சொன்னார். வட்டத்துக்குக் கிட்ட வந்தால் ஓடக் கூடாது. கத்தக் கூடாது. கண்ணுக்குள் உற்றுப் பார்க்கக் கூடாது. கை இரண்டும் வெளியே தெரிய வேண்டும். திடீரென்று எழும்பக் கூடாது. என்ன பகிடி நடந்தாலும் சிரிக்கக் கூடாது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த சம்பூர்ப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"இது எங்களுக்குத் தெரியும், சேர். சென்றியில நிக்கிற மாதிரித்தானே?"

வகுப்பு முழுவதும் "ஓம், ஓம்" என்றது. நானும் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. சங்கிலியை இடுப்பிலிருந்து அவிழ்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "ஓம், பிள்ளை, அது மாதிரித்தான்" என்றார்.

அடுத்த கிழமை உண்மையான ஓநாயோடு புறப்பட்டோம். வானின் பின்பக்கம் கம்பிக் கூடு, அதற்குள் மேஜர். முன்னால் அத்தானும் நானும். கச்சேரிப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார், சரி. சென்றியில் நிற்கிறவன் ஏன் மூட வேண்டும்? "அத்தான், கேட்டா நான் கதைக்கிறன், நீங்கள் சும்மா இருங்கோ" என்று கெஞ்சினேன். "ஏன், எனக்கு வாயில்லையோ?" என்றார்.

முதல் சென்றியில் நின்ற இளம் சிப்பாய்க்குத் தமிழில் சில சொற்கள்தான் தெரியும். வா, போ, அடையாள அட்டைக்கு ஐ.சி, ஓம், நாய். கடைசிச் சொல்லை எதற்காகப் படித்து வைத்திருந்தான் என்று நான் விசாரிக்கவில்லை. வானுக்குள் எட்டிப் பார்த்து, "மொகக்த?" என்றான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்கிறான்.

அத்தான் இறங்கி நின்று, வகுப்பில் சொல்வது போலத் தெளிவாக, "ஓநாய்" என்றார்.

சிப்பாய் நெற்றியைச் சுருக்கினான். "ஓ?" என்றான். கொஞ்சம் யோசித்து, "நாய்?" என்றான்.

"ஓ. ஓநாய்."

"ஓ, ஓ, நாய்!" அவனுடைய முகம் மலர்ந்துவிட்டது. தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு முழுக் கதை நடந்து முடிந்த சந்தோசம் அவனுக்கு. "பல்லா! லொக்கு பல்லா!" என்று மற்றவனுக்குக் கத்தினான். நாய், பெரிய நாய் என்று அர்த்தம். "ஹொந்தாய், யன்ன" என்று கையைக் காட்டி வழி விட்டான்.

வெளியூர்க்காரருக்கு இதை விளக்கத்தான் வேண்டும். ஆம் என்பதற்கு நாங்கள் ஓம் என்போம். அவசரத்தில் அந்த 'ம்' விழுந்து வெறும் 'ஓ' மிஞ்சும். ஆகவே எங்கள் ஊரில் ஓநாய் என்று சொன்னால், தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவன் காதில் அது "ஓம், நாய்" என்றுதான் விழும். அத்தான் பொய் சொல்லவில்லை, சிப்பாயும் தவறாகக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்.

வானில் ஏறிய அத்தான் பெருமையோடு என்னைப் பார்த்தார். "பாத்தீரே? உண்மையைச் சொன்னா அவங்களும் மனுசர்தான். ஓநாயெண்டு தெரிஞ்சும் விட்டவங்கள்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நடந்தது என்ன என்று சொன்னால், மனிதர் வானைத் திருப்பிக்கொண்டு போய்ச் சிப்பாயின் தமிழைத் திருத்திவிட்டு வருவார். எனக்கு அவரைத் தெரியும். "ஓம், அத்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு எந்தச் சென்றியிலும் இதே கதைதான். இடையில் ஒரு தரம் நான்தான் கெடுக்கப் பார்த்தேன். கூட்டின் கதவு சரியாகப் பூட்டுப்படாமல், ஓநாய் முன்பக்கத்துக்குத் தலையை நீட்டிவிட்டது. பயத்தில், "மேஜர்! உள்ளுக்குப் போ!" என்று கத்திவிட்டேன். சென்றியில் நின்ற இரண்டு பேரும் விறைத்து நின்று, எந்த மேஜர் வருகிறார் என்று ரோட்டின் இரு பக்கமும் பார்த்தார்கள். அன்றிலிருந்து சென்றிகளில் அந்த மிருகத்துக்குப் பெயர் இல்லை.

பள்ளிக்கூடத்தில் மேஜர் இறங்கியதும் பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. "ரீச்சர், இது சந்தைக்குள்ள திரியிற நாய் மாதிரியெல்லோ கிடக்கு" என்று ஒருவன் என் காதுக்குள் சொன்னான். உண்மைதான். இந்திய ஓநாய் மெலிந்த பிராணி, அதுவும் பருப்பில் வளர்ந்தது. அத்தானுக்குக் கோபம் வந்தது. கால் எவ்வளவு நீளம் பாருங்கோ, மார்பு எவ்வளவு ஒடுக்கம், கண் என்ன நிறம், வால் சுருளாமல் தொங்குகிறது பாருங்கோ என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "ஓநாய் வேற, நாய் வேற. மறக்கக் கூடாது" என்றார். பிள்ளைகளும் "ஓநாய் வேற, நாய் வேற" என்று திருப்பிச் சொன்னார்கள்.

ஆனால் மேஜர் எதையும் காட்டுகிற நிலையில் இல்லை. அத்தனை பிள்ளைகளைக் கண்டதும் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு, அத்தானின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையை ஒளித்தது. விலா நடுங்கியது. சம்பூர்ப் பிள்ளை மறுபடியும் கையை உயர்த்தினாள். "சேர், அது பயப்பிடுது. நாங்கள் கொஞ்சம் தள்ளி இருக்கட்டோ?" அத்தான் பதில் சொல்லும் முன்பே பிள்ளைகள் எல்லோரும் சத்தமில்லாமல் இருந்தபடியே பின்னால் நகர்ந்தார்கள். எங்கள் சுண்ணாம்பு வட்டத்தை விடப் பெரிய வட்டம் ஒன்று தானாக உண்டாயிற்று. அதற்குள் மேஜர் மெல்லத் தலையை வெளியே எடுத்தது.

அன்றிலிருந்து எங்களுக்கு நல்ல பெயர். டவுனுக்குள் இருந்த மற்றப் பள்ளிக்கூடங்களும் கூப்பிட்டன. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விருந்தாளிக்கென்று பவுடர் பூசி வந்து, மேஜர் வட்டம் முழுவதும் தும்மித் திரிந்தது. ஒரு கீறலும் இல்லை, ஒரு முறைப்பாடும் இல்லை. என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சென்றிச் சிப்பாய்க்கு இது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. காலையில் பிள்ளைகள் நடந்து வருகிறபோது, தன் தமிழைக் காட்ட, "அத... ஓ, நாய்?" என்று கேட்பான். இன்றைக்கு அந்த நாய் வருகிறதா என்று அர்த்தம். "ஓ, நாய்!" என்று பிள்ளைகள் பதில் கொடுப்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அத்தானுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் காம்புக்குப் புதிய அதிகாரி ஒருவர் வந்தார். நீர்கொழும்புப் பக்கத்தவராம். எங்களைப் போலவே அவருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும். பஸ் நிலையத்தில் யாரோ, பள்ளிக்கூடத்துக்குள் காட்டு மிருகத்தைக் கொண்டு வந்து பிள்ளைகளுக்கு முன்னால் விடுகிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கச்சேரிப் பெரியவர் சொன்ன அந்த ஒரு முறைப்பாடு வந்துவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்தில், அதே மரநிழலில், அதே பிள்ளைகள் வட்டமாக இருக்க, அத்தான் மேஜரின் பாதத்தைத் தூக்கி நகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஜீப் ஒன்று கேற்றுக்குள் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். அவருக்குப் பின்னால், தோளில் துவக்குத் தொங்க இரண்டு சிப்பாய்கள். அதிபர் தன் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஒருவரும் எழும்பவில்லை. கையை மடியில், வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார்கள்.

"காட்டு மிருகம் கொண்டு வாறதா முறைப்பாடு" என்றார் அதிகாரி. மேஜரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது என்ன?"

இந்த மனிதருக்குத் தமிழ் தெரியும். ஓநாய் என்றால் ஓநாய் என்றுதான் விளங்கும். அத்தானோ கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அந்த இரண்டு துவக்குகளையும் பார்த்தேன், மேஜரின் ஒடுங்கிய மார்பைப் பார்த்தேன்.

"ஓ, நாய்" என்றது ஒரு சின்னக் குரல். சம்பூர்ப் பிள்ளை. ஓ என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகு நாய் என்றாள். கண்ணை நிலத்தில் வைத்திருந்தாள்.

"ஓ, நாய்" என்றார்கள் மற்றவர்கள். "ஓ, நாய், சேர். ஓ, நாய்." வட்டம் முழுவதும் அதே சொல், அதே இடைவெளி.

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "ஓநாயோ? இல்லாட்டி நாயோ?"

"ஓ, நாய், சேர்."

அவருடைய உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை. அத்தானின் பக்கம் திரும்பினார். "நாயெண்டாக் குரைக்க வேணும். நான் கேட்டுட்டுப் போறன்."

மேஜர் தன் வழக்கப்படி அத்தானின் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. அது குரைக்காது. அது குரைக்காது என்று அத்தானே அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருந்தார். அவருடைய கை அதன் கழுத்துப் பட்டியைப் பிடித்திருந்தது, விரல்கள் வெளிறிப் போயிருந்தன.

"வள்" என்றார் அத்தான்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே மரத்தைப் பார்த்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் பையில் பேனையுமாகக் குந்தியிருந்தபடி, அரசாங்க மிருக வைத்தியர் இன்னொரு தரம் குரைத்தார். "வள். வள், வள்." மேஜர் முகத்தை வெளியே எடுத்து, காது இரண்டையும் தூக்கி, அவரை நிமிர்ந்து பார்த்தது.

சிப்பாய் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். அதிகாரி அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளில் ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. குரைக்க மாட்டேன் என்று முகம் சிவந்த மனிதர் கண் முன்னால் குரைக்கிறார், எதற்கும் சிரிக்கிற வயதில், அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை கூடச் சிரிக்கவில்லை.

"நல்ல நாய்" என்றார் அதிகாரி. "கவனமா வைச்சிருங்கோ." ஜீப்பில் ஏறினார். யாரைச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஜீப் சத்தம் சந்தி தாண்டி மறைந்த பிறகுதான் பிள்ளைகள் சிரித்தார்கள். உருண்டு உருண்டு சிரித்தார்கள். நான் சிரித்தேனா, அழுதேனா என்று கேட்டால் இரண்டும்தான்.

திரும்பிப் போகிறபோது அத்தான் வீட்டுச் சாவியை வானின் சாவித் துவாரத்துக்குள் போடப் பார்த்தார். நான் சரியான சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

"நான் பொய் சொல்லேல்லை, பிள்ளை."

"ஓம், அத்தான்."

"அது குரைச்சதெண்டு நான் சொல்லேல்லை. குரைச்சது நான். எனக்குக் குரைக்க உரிமை இருக்கு."

"இருக்கு, அத்தான்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தப் பிள்ளையள் ஏன் பிரிச்சுச் சொன்னதுகள்?" என்று கேட்டார். அப்போதுதான் அவருக்குச் சென்றிக் கதை முழுவதையும் சொன்னேன். லொக்கு பல்லா உட்பட. அவர் வானைத் திருப்பவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. விசயத்தைக் கேட்ட அக்கா, வளவின் மூலையில் மூன்று கல்லை வைத்து நெருப்பு மூட்டி, மேஜருக்குச் சூரைத் தலை அவித்தாள். கண்ணில் புகை என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தவணைப் பரீட்சை வந்தது. வினாத்தாள் கல்விக் கந்தோரிலிருந்து வந்தது, அதில் என் கை இல்லை. ஒரு கேள்வி: நாய்க்கும் ஓநாய்க்கும் உள்ள வேறுபாடுகள் எவை? எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இலங்கையிலேயே இந்தக் கேள்விக்கு என் பிள்ளைகளைப் போல ஒருவரும் எழுத முடியாது.

விடைத்தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துத் திருத்தத் தொடங்கினேன். முதல் தாளில், வேறுபாடு இல்லை, இரண்டும் நாய் என்றிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். கண்ணின் நிறத்தையும் வாலையும் எனக்கே திருத்திச் சொன்ன பிள்ளைகள், ஒருவர் மிச்சமில்லாமல், இரண்டும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தார்கள். தாள் யார் கையில் போகும் என்று யாருக்குத் தெரியும்? இதை எழுதச் சொல்லி அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் சிவப்புப் பேனையால் புள்ளியைப் போட்டு முடித்தேன்.

அத்தான் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நான் நினைத்தபடியே கொதித்தார். "என்ன இது! நான் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்தது இதுக்கோ?" ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். புரட்டப் புரட்டச் சத்தம் குறைந்தது. கடைசியில் கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது, வளவுக்குள் மேஜர் ஊளையிட்டது.

"எத்தினை குடுத்தனீர்?"

"முழுப் புள்ளி" என்றேன். ஏச்சுக்குத் தயாராக இருந்தேன்.

அவர் ஒரு தாளை மட்டும் கையில் வைத்திருந்தார். சம்பூர்ப் பிள்ளையின் தாள். அதில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: நாய் குரைக்கும், நாங்கள் கேட்டோம்.

"இதுக்கு ஒண்டு கூடப் போடும், பிள்ளை" என்றார் அத்தான்.